வெண்டைக்காய் நட்சத்திரமும் காயாத மையும்

முற்றாத வெண்டைக்காய் ஒன்றைக் குறுக்கே நறுக்கி, கொழகொழப்பைத் துணியில் ஒற்றிவிட்டு, ஸ்டாம்ப் பேடில் அழுத்தி அட்டையில் பதித்துப் பாருங்கள். நட்சத்திரம் விழும். கையால் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை செய்ய உட்காரும் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான அச்சுக்கட்டை கிடையாது. வெண்டைப் பூவுக்கு இதழ் ஐந்து. காய்க்குள்ளும் பெரும்பாலும் ஐந்து அறைகள். அந்த அறைச் சுவர்கள்தான் நட்சத்திரமாகப் பதிகின்றன. எட்டுப்பட்டை வெண்டை கிடைத்தால் எட்டு முனை. கோவில்பட்டிக் கரிசலில் விளையும் பருத்தி வெண்டைக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் மால்வேசியே குடும்பம்.

விழுந்த நட்சத்திரம் விரல் பட்டதும் இழுகிவிடுமா, நிற்குமா? பதில் மையில் பாதி, காகிதத்தில் பாதி இருக்கிறது. மை மூன்று வழிகளில் காயும். காகிதம் அதை உறிஞ்சிக்கொள்ளலாம். அதிலுள்ள நீர்மம் ஆவியாகலாம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகலாம். எந்த மை எந்த வழியில் காயும் என்று தெரிந்தால் பல அட்டைகள் பாழாகாமல் தப்பும்.

பனி பெய்யாத ஊரில்

கரிசலுக்குக் கிறிஸ்துமஸ் புதிதல்ல. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வீரமாமுனிவர் பணி செய்திருக்கிறார். அச்சடித்த அட்டை பிந்தி வந்தது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி வெளியிட்டதுதான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை. கோட்டுப்படத்தைக் கல்லச்சில் அடித்து, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். அந்த முதல் அட்டையே பாதி கைவேலை.

கல்லச்சு முறையை 1796இல் பவேரியாவில் கண்டுபிடித்தவர் அலோய்ஸ் செனஃபெல்டர். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதுதான் அதன் முழு ரகசியம். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோல்கொண்டு படம் வரைந்து, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும்.

இந்த வட்டாரத்துக்கு வண்ண அச்சு, தீப்பெட்டியைத் தொடர்ந்து வந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். மருந்து தோய்த்த குச்சி காய உதவிய வறண்ட காற்று, அச்சடித்த தாளுக்கும் உதவியது. ஈரக்காற்றில் காகிதத்தின் நார்கள் உப்பும். ஒரு வண்ணம் ஓட்டிய தாள் அடுத்த வண்ணத்துக்கு வருவதற்குள் விரிந்துவிட்டால் நிறத்தின்மேல் நிறம் சரியாக உட்காராது. ரெஜிஸ்டர் தள்ளிவிட்டது என்பார்கள் அச்சகத்தார். மழை பொய்த்து விவசாயியை வாட்டிய அதே வானம் அச்சுக்காரருக்குக் கைகொடுத்தது. கோவில்பட்டியில் தங்கி வரைந்த சி. கொண்டையராஜுவின் சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக வீடுவீடாகப் போயின. பனி மூடிய கூரையும் பைன் மரமும் போட்ட கிறிஸ்துமஸ் அட்டைகளும் சிவகாசி அச்சகங்களிலிருந்து வந்தவைதான். வாட்ஸ்ஆப் வாழ்த்து அந்த வியாபாரத்தைச் சுருக்கிவிட்டது. கையால் செய்யும் அட்டைக்கு இப்போது மறுபடி ஒரு மதிப்பு வந்திருக்கிறது.

ரப்பர் செய்யும் வேலை

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் காகிதம் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமான நார்ப்பின்னல். கடினமான உலோக அச்சு மேடுகளை மட்டும் தொடும்; பள்ளத்துக்கு மை போக வேண்டுமானால் பலமாக அழுத்த வேண்டும். ரப்பர் வளைந்து கொடுத்துப் பள்ளத்தையும் தொடும். பச்சை ரப்பரால் இது முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவுக்கு வரும் ரப்பர் அப்படித்தான் கிடைத்தது.

சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் இயந்திரமும் இதையே நம்பியிருக்கிறது. பிளேட்டில் உள்ள படம் நேராகக் காகிதத்துக்கு வருவதில்லை. முதலில் பிளாங்கெட் எனப்படும் ரப்பர் விரிப்பில் பதிந்து, அங்கிருந்துதான் தாளுக்கு இறங்குகிறது. மணிக்கு ஆயிரக்கணக்கான தாள் அடிக்கும் அந்த இயந்திரமும் வீட்டு மேஜையில் கிடக்கும் ரப்பர் ஸ்டாம்பும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

பேடில் காயாது, தாளில் காயும்

வேறுபாடு மையில் இருக்கிறது. ஸ்டாம்ப் பேட் மையில் சாயத்தோடு நீரும் கிளிசரினும் கலந்திருக்கும். கிளிசரினின் கொதிநிலை 290 டிகிரி செல்சியஸ். அது எளிதில் ஆவியாகாது. போதாததற்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மூடி திறந்து கிடந்தாலும் பேட் சீக்கிரம் காய்வதில்லை. இந்த மை காய ஒரே வழி, காகிதம் அதைக் குடித்துவிடுவது.

செய்தித்தாள் ஆசையாகக் குடிக்கும். நட்சத்திரத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும். நார்களின் இடுக்குகளில் மை தானாக ஊர்ந்து போவதற்கு ஒரு கணக்கு உண்டு: இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும். முதல் சில நொடிகளில் வேகமாகப் பரவி, பிறகு தயங்குவது இதனால்தான். எழுதும் தாளில் மாவுப்பசையோ பிசினோ ஏற்றி இந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். வழவழப்பான ஆர்ட் கார்டில் நார்களின்மேல் வெள்ளைப் பூச்சு இருக்கும். கிளிசரின் மை அதற்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் தீராத டிசம்பரில் அது மணிக்கணக்கில் காயாமல் இருப்பதில் வியப்பில்லை. கையால் முத்திரை பதிக்க, பூச்சில்லாத ஓவியத்தாளே நல்லது.

அந்த வெள்ளைப் பூச்சில் சுண்ணாம்புத் தூளோ கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோ இருக்கும். கயோலினும் கரிசல் மண்ணிலுள்ள மான்ட்மோரில்லோனைட்டும் அடுக்கடுக்கான தகடுகளால் ஆன சிலிக்கேட்டுகள்தான். கரிசல் களிமண்ணின் தகடுகளுக்கு இடையில் நீர் புகுந்து உப்பவைக்கும்; கோடையில் நீர் வெளியேறியதும் நிலம் பாளம்பாளமாக வெடிக்கும். கயோலினின் தகடுகள் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் இடையே நீர் நுழையாது, உப்பாது, வெடிக்காது. அட்டைப் பூச்சுக்குக் கரிசல் மண் லாயக்கில்லை என்பதற்கு நிறம் மட்டும் காரணமில்லை.

பிசுக்கு தரும் பாடம்

ஆஃப்செட் மையில் ஆளிவிதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்கள் இருக்கும். அவை ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மெல்லிய படலமாக இறுகும். எந்த எண்ணெய் இறுகும் என்பதை அயோடின் எண் சொல்லும்; எண் கூடக்கூட இறுகும் தன்மையும் கூடும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். கரிசலில் விளையும் எள், பருத்தி விதை எண்ணெய்களுக்கு 110ஐ ஒட்டி. தேங்காய் எண்ணெய்க்கு 10க்குள். நல்லெண்ணெய்த் தூக்கின் வெளிப்புறத்தில் நாள்பட்டுப் படியும் பிசுக்கு, பாதி இறுகி நின்றுபோன எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயில் மை குழைத்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வந்தாலும் கையில் ஒட்டும்.

காயாத மைக்கும் ஒரு பயன் உண்டு. ஈரமாக இருக்கும் முத்திரைமேல் எம்போசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டுச் சூடுகாட்டினால், பிசின் துகள்கள் உருகி மேடான, பளபளப்பான எழுத்தாகும். கிளிசரின் மை மெதுவாகக் காய்வதால்தான் தூவ அவகாசம் கிடைக்கிறது. மினுமினுப்புக்கு மட்டும் கிளிட்டர் வேண்டாம். அது பெரும்பாலும் உலோகம் பூசிய பிளாஸ்டிக் பொடி. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனையைத் தடுத்துவிட்டது.

நாட்டு மருந்துக் கடை மை

மையையும் வீட்டிலேயே செய்யலாம். கடுக்காய்த் தோலை நசுக்கி ஊறவைத்து வடித்த நீரில் கொஞ்சம் அன்னபேதி சேர்த்தால் கருக்கும். கடுக்காயின் டானினும் அன்னபேதியின் இரும்பும் சேரும்போது முதலில் நிறம் வெளிறியே இருக்கும். காற்று பட்டு இரும்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போதுதான் கருமை கூடும். பதித்த நட்சத்திரம் உங்கள் கண்முன்னே கறுத்து வரும். மை ஓடாமல் நிற்கக் கருவேலம் பிசினைக் கரைத்துச் சேருங்கள். கண்மாயெல்லாம் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலம் அல்ல, நாட்டுக் கருவேலம். அன்னபேதியைக் கூட்டிவிடக் கூடாது. அதிலிருந்து உண்டாகும் அமிலம் காலப்போக்கில் காகிதத்தையே அரிக்கும். வாயில் வைக்கவும் கூடாது, துணியில் பட்டால் போகவும் போகாது.

சிவப்புக்கு ஆரத்தியின் வேதியியல் போதும். மஞ்சள்நீர் தடவிக் காயவைத்த தாளில் சோப்புக் கரைசல் தொட்ட வெண்டைக்காயைப் பதித்தால், காரம் பட்ட இடம் மட்டும் செக்கச் சிவக்கும்.

எது எத்தனை நாள் தாங்கும்? சாயம் தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்திருப்பதால் ஒவ்வொன்றின்மீதும் ஒளி படும், வெளுத்துவிடும். மஞ்சளும் அலுவலக ஊதா மையும் இந்த வகை. நிறமித் துகளில் ஏராளமான மூலக்கூறுகள் அடைந்திருக்கும். மேலுள்ளவை அடிவாங்க, உள்ளிருப்பவை தப்பும். விளக்குக் கரியோ ஒளிக்கு மசியாது. ஓலைச்சுவடியில் கரி தடவியவர்களுக்கு அது தெரியும். சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒவ்வொரு மையிலும் இரண்டு நட்சத்திரம் பதியுங்கள். ஒன்றை ஜன்னலில் ஒட்டுங்கள், மற்றதைப் புத்தகத்துக்குள் வையுங்கள். ஈஸ்டர் வருவதற்குள் பங்குனி வெயில் எது சாயம், எது நிறமி என்று பிரித்துக் காட்டிவிடும். அடுத்த ஆண்டு எந்த மையை வாங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.