ஹைஃபாவுக்குப் பின் ஹரிட்டான்: மைசூர் குதிரைப்படையின் அதிகம் பேசப்படாத போர்

பெங்களூரு: முதல் உலகப் போரில் மைசூர் சமஸ்தானக் குதிரைப்படையின் பங்கு என்றதும் ஹைஃபா வெற்றியே நினைவுகூரப்படுகிறது. 1918 செப்டம்பர் 23 அன்று, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிராக ஈட்டியும் வாளும் ஏந்திய ஜோத்பூர், மைசூர் வீரர்கள் அத்துறைமுக நகரைக் கைப்பற்றினர். மைசூர்ப் பிரிவு ஒன்று கார்மல் மலைச்சரிவில் ஏறிப் பீரங்கிகளை மடக்கியது. 1,350 பேர் சிறைபிடிக்கப்பட்டனர். இந்தியத் தரப்பில் உயிரிழந்தோர் 8 பேர்.

இதைவிடப் பெரிய இழப்பு அடுத்த மாதம் நேர்ந்தது. அக்டோபர் 26 அன்று, சிரியாவின் அலெப்போ வீழ்ந்த அதே நாளில், நகருக்கு வடக்கே ஹரிட்டானில் பின்வாங்கிக் கொண்டிருந்த துருக்கியப் படையை இவ்விரு சமஸ்தான வீரர்களும் தாக்கினர். எதிரியின் பலமோ எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். 21 பேர் உயிரிழந்தனர். 56 பேர் காயமடைந்தனர். நான்கே நாள்களில், முத்ரோஸ் உடன்படிக்கையின் மூலம் துருக்கி போர்நிறுத்தத்துக்கு இணங்கியது.

தில்லியின் தீன் மூர்த்தி சதுக்கத்தில் ஜோத்பூர், மைசூர், ஐதராபாத் குதிரைப்படையினரைக் குறிக்கும் மூன்று சிலைகள் நிற்கின்றன. 2018-இல் அச்சதுக்கத்தின் பெயருடன் ஹைஃபா சேர்க்கப்பட்டது. மைசூர் வீரர்களுக்கான நினைவுத்தூண் பெங்களூரு ஜெ.சி. நகரில் உள்ளது.