பூங்கா வாயிலும் உபவிதியும்

பொதுப் பூங்காவின் திறப்பு நேரத்தைக் காவலாளியின் விருப்பம் தீர்மானிக்கலாகாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், மக்களின் வசதியையும் நலனையும் பேணும் பொறுப்பையும் அதற்கென உபவிதிகளை ஆக்கும் அதிகாரத்தையும் சபைகளுக்கு வழங்கியுள்ளது. ஆயினும், சபை தீர்மானம் நிறைவேற்றினால் மட்டும் போதாது. அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் பிரசுரமான பின்னரே உபவிதி வலுப்பெறும்.

கொடிகாமம் சாவகச்சேரி பிரதேச சபையின் ஆளுகைக்குட்பட்டது. சந்தையையும் தோட்டத்தையும் நம்பி வாழ்வோருக்கு ஓய்வு கிடைப்பது மாலையிலேயே. அலுவலக நேரத்தோடு பூட்டப்படும் பூங்கா அவர்களுக்குப் பயன்படாது. இருளைக் காரணங்காட்டிப் பூட்டுவதிலும், மின்விளக்குப் பொருத்தித் திறந்துவைப்பதே முறையாகும்.

மதுபாவனையையும் குப்பை வீசுவதையும் தடுக்கும் விதிகள் அவசியமானவையே. அவை வாயிலில் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். உபவிதியைத் திருத்துவதற்கும் அதே வர்த்தமானி நடைமுறை தேவை என்பதால், வரையும்போதே மாலை நேரத்தைச் சபைகள் கருத்திற்கொள்வது நன்று.