கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு கப்பல் கணக்கு



பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. பேகம்பூர் பக்கம் போனால் தோல் பதனிடும் தொழில். கடலைப் பார்க்கணும் என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகணும். இங்கே உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எதற்குப் பேசணும் என்று கேட்பீர்கள். காரணம் இரண்டு. கப்பல் வடிவமைப்பின் அடிப்படைக் கணக்கு நம்ம பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் கணக்கு தப்பினால் போவது மார்க் அல்ல, உயிர்.

யார் இந்த நேவல் ஆர்க்கிடெக்ட்?

'நேவல்' என்றதும் கடற்படை உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். சரக்குக் கப்பல், பயணிகள் படகு, மீன்பிடி விசைப்படகு, போர்க்கப்பல் எல்லாவற்றுக்கும் உருவம் கொடுப்பவர்தான் நேவல் ஆர்க்கிடெக்ட். எவ்வளவு சரக்கு, என்ன வேகம், எத்தனை நாள் பயணம் என்று கப்பல் வாங்குகிறவர் சொல்வார். அதிலிருந்து நீளம், அகலம், தண்ணீரில் அமிழும் ஆழம், இன்ஜின் சக்தி, தகட்டின் கனம் வரை கணக்குப் போட்டுத் தருவது இவர் வேலை.

ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை இது. வேகம் போதவில்லை என்று பெரிய இன்ஜின் வைத்தால் எடை கூடும். எடை கூடினால் கப்பல் இன்னும் அமிழும். அமிழ்ந்தால் தண்ணீரின் எதிர்ப்பு கூடும். மறுபடி இன்ஜின் போதாது! இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியான அளவை நெருங்குவதை 'டிசைன் ஸ்பைரல்' என்பார்கள்.

இதில் சீனியர் என்ன செய்வார்? ஒரு பிரிவு ஸ்டீல் கட்டுமானம் பார்க்கும், ஒன்று குழாய், ஒன்று மின்சாரம். ஒவ்வொருவரும் 'நம்ம பங்குக்கு ரெண்டு டன்தானே' என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். மொத்த எடை எவ்வளவு, அது எந்த உயரத்தில் உட்காருகிறது என்ற பேரேடு சீனியரின் பொறுப்பு. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்த் 262 மீட்டர் நீளம், சுமார் 45,000 டன். நம் கடற்படையின் வடிவமைப்புப் பிரிவே வரைந்த கப்பல் அது. அத்தனை டன்னுக்கும் கணக்கு எழுதியாகணும்!

ஒரு சின்னக் கணக்கு

12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அரை மீட்டர் அமிழ்ந்து நிற்கும் பெட்டி வடிவப் படகு ஒன்றைக் கற்பனை செய்வோம். ஏரித் தண்ணீரில் மிதக்கிறது. ஒதுக்கும் தண்ணீர் 18 கன மீட்டர். ஆக, மொத்த எடை 18 டன். ஆர்க்கிமிடீஸ் சொன்னது அவ்வளவுதான்.

சிவில் நண்பர்கள் பீம் கணக்கில் போடும் 'பீ டி கியூப் பை ட்வெல்வ்' இங்கேயும் வரும். நீளம் × அகலத்தின் முப்படி ÷ 12 = 27. அதை 18-ஆல் வகுத்தால் 1.5. அமிழ்ந்த பகுதியின் நடு உயரம் 0.25. இரண்டையும் கூட்டினால் 1.75 மீட்டர். இந்தப் புள்ளிக்குப் பெயர் மெட்டாசென்டர். படகின் ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருக்கும்வரை, சாய்ந்த படகு நிமிரும். மேலே போய்விட்டால் நிமிராது.

ஆட்கள் எல்லோரும் கீழ்த்தட்டில் இருக்கும்போது ஈர்ப்பு மையம் 1.25 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி அரை மீட்டர். இப்போது 30 பேர், ஆளுக்கு 60 கிலோ, 2.5 மீட்டர் உயரத்தில் உள்ள மேல்தட்டுக்கு ஏறுகிறார்கள். ஈர்ப்பு மையம் கால் மீட்டர் உயரும். இடைவெளி பாதியாகிவிட்டது!

அதே 30 பேர் வேடிக்கை பார்க்க ஒரு மீட்டர் ஒரு பக்கம் நகர்ந்தால்? கீழ்த்தட்டிலேயே இருந்திருந்தால் சாய்வு சுமார் 11 டிகிரி. ஓரம் 30 சென்டிமீட்டர் இறங்கும். மேல்தட்டில் இருந்தால் சுமார் 22 டிகிரி. ஓரம் 60 சென்டிமீட்டர் இறங்கும். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் 50 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஒரு ஆள்கூட அதிகமாக ஏறவில்லை, இடம்தான் மாறினார்கள்!

கணக்கு தப்பினால்...

2009 செப்டம்பர் 30. நமக்குப் பக்கத்திலுள்ள தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரு பக்கம் திரண்டது பற்றியும், படகின் நிலைப்புத் தன்மை பற்றியும் அதன்பின் கேள்விகள் எழுந்தன.

இன்னும் பழைய பாடம் ஒன்று. சுவீடனின் 'வாசா' போர்க்கப்பல் 1628-ல் முதல் பயணத்திலேயே, ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கியது. முன்னதாக 30 பேரை மேல்தட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியதும் சோதனையை நிறுத்தினார்கள். பயணத்தை நிறுத்தத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

இன்று அந்தச் சோதனைக்கு முறை இருக்கிறது. தெரிந்த எடையைத் தெரிந்த தூரம் குறுக்கே நகர்த்தி, கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டு, எவ்வளவு சாய்கிறது என்று அளப்பார்கள். பேப்பரில் போட்ட ஈர்ப்பு மையம் சரியா என்பது அங்கே தெரிந்துவிடும். சரியில்லை என்றால் 'கப்பல் கிளம்பாது' என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் சீனியரின் உண்மையான வேலை.

நமக்கு இதில் இடம் உண்டா?

தாராளமாக! கப்பல் என்பது தகடு, வெல்டிங், குழாய், பம்ப், கேபிள், டிராயிங். மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ. எல்லோருக்கும் வேலை உண்டு. அப்ரண்டிஸ் சட்டப்படி டிப்ளமோ முடித்தவர்களுக்குப் பயிற்சி தரும் கப்பல் தளங்கள் இருக்கின்றன. அறிவிப்பு வரும்போது தகுதி விவரத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள். இந்தப் படிப்பே வேண்டும் என்பவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி., கொச்சி பல்கலைக்கழகம், விசாகப்பட்டினத்திலுள்ள இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக வளாகம் ஆகியவற்றில் பட்டப்படிப்பு உண்டு. தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள்.

எந்த வேலைக்குப் போனாலும் சரி, அடுத்த முறை படகில் ஏறும்போது மேல்தட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். கூட்டம் அதிகம் என்றால் கூச்சப்படாமல் இறங்கிவிடுங்கள், நண்பர்களையும் இறக்கிவிடுங்கள். படித்த மெக்கானிக்ஸ் அன்றைக்கு உதவட்டும்!