தடை தாண்டும் குதிரையின் காப்புக் கச்சை

தடை தாண்டும் போட்டிக்குரிய குதிரையின் தளவாடங்களில் சேணமும் கடிவாளமும் முதலில் கண்ணில் பட்டாலும், சேணத்தை முதுகில் நிலைநிறுத்துவது, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் அடிப்புறமாகச் சென்று இருபுறமும் சேண வார்களில் பூட்டப்படும் கச்சையே ஆகும். சாதாரணச் சவாரியில் இது ஒரு பட்டை மட்டுமே. தாவும் குதிரைக்கோ இதன் நடுப்பகுதி அகன்று, மார்பெலும்பையும் அதையடுத்த வயிற்றுப் பகுதியையும் மறைக்கும் தடித்த தோல்தகடாகிறது. இவ்வகையைக் குதிரைப் பயிற்சியாளர்கள் ‘ஸ்டட் கர்த்’ என்பர்.

இக்காப்பு குதிரையை அதன் சொந்தக் குளம்புகளிடமிருந்தே காக்கிறது. ஒலிம்பிக் போட்டிகளில் தடைகள் ஏறத்தாழ 1.60 மீட்டர் உயரம்வரை அமைவதால், குதிரை முன்னங்கால்களை முழங்காலில் இறுக மடக்கியே மேற்கம்பைத் தொடாமல் கடக்க முடியும். அவ்வாறு மடங்கும்போது லாடத்தின் பின்முனை மார்பின் அடிப்புறத்தை நெருங்குகிறது. இங்கிலாந்தின் ஹிக்ஸ்டெட், ஜெர்மனியின் ஆகன் போன்ற புல்தரைக் களங்களில் வழுக்காமலிருக்க, லாடத்தில் துளையிட்டு மரையிட்ட சிறு உலோகக் குமிழ்களைத் திருகிப் பொருத்துவதும், போட்டி முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிடுவதும் வழக்கம். பாய்ச்சலின் வேகத்தில் இக்குமிழ் வயிற்றில் பட்டால் தோல் கிழியும்; காலை அழகாக மடக்கும் தேர்ந்த குதிரைக்கே இந்த ஆபத்து மிகுதி என்பதுதான் வருத்தத்திற்குரியது.

தகட்டின் வெளித்தோல் அடியைத் தாங்கிப் பரவச் செய்ய, உட்புறத்திலுள்ள மென்தோலோ ஆட்டுரோமமோ உராய்வைத் தணிக்கிறது. பாய்ந்தோடும் குதிரை ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு மூச்சு விடுவதால், விலாக்கூடு விரிவதற்கு இடம்தரும் வகையில் கச்சையின் இரு முனைகளிலும் நெகிழ்பட்டை தைக்கப்படுகிறது. ஒரு முனையில் மட்டும் அது இருந்தால் இழுவிசை சமனற்றுப் போகும்.

ஆயினும் பெரிய தகடே சிறந்த காப்பு என்று கருதுவது தவறு. கச்சையின் அழுத்தத்தை உணரிகள்கொண்டு அளந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, உச்ச அழுத்தம் மார்பின் நடுக்கோட்டில் அன்றி முழங்கைகளின் பின்னால் விழுவதைக் காட்டியது. எனவே அவ்விடத்தில் உட்குழிவாக வெட்டப்பட்ட கச்சை, முன்னங்கால் தடையின்றி நீள இடமளிக்கிறது. அகன்ற தகட்டின் விளிம்பு முழங்கையின் பின்புறத்தை உரசுமானால், அரிதாக நேரக்கூடிய அடியைத் தடுக்கும் பொருட்டு ஒவ்வோர் எட்டிலும் குதிரைக்கு வலியைத் தருவதாகவே முடியும்.

கச்சையை ஒரே மூச்சில் இறுக்காமல் துளைதுளையாக இறுக்கி, பின்பு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னோக்கி மெல்ல நீட்டிவிடுவதால் கச்சைக்கடியில் சுருங்கிய தோல் விடுபடுகிறது. சவாரி முடிந்ததும் உட்புறத்தில் படிந்த வியர்வையையும் மணலையும் துடைக்காவிடில், தோல் விறைத்து மறுநாள் புண்ணை உண்டாக்கும். வெளித்தோலின் கீறல்கள் லாடம் பட்ட இடங்களை மட்டுமே காட்டும். பக்கிளைப் பிடித்திருக்கும் தையல் தளர்ந்திருந்தாலோ, தகடு எத்துணை உறுதியாயினும் அக்கச்சையை மாற்றிவிட வேண்டும், ஏனெனில் தாவலின் நடுவே அது அறுந்தால் சேணத்தோடு சவாரியாளரும் சரிந்துவிடுவார்.