லாபம் வருகிறது, ஆனால் நிறுவனம் வளரவில்லை... ஏன்? நடுத்தர நிறுவனங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் எது?

ஆர்டர் இருக்கிறது. மெஷின் ஓடுகிறது. வங்கித் தவணை தவறாமல் போகிறது. வருடக் கடைசியில் ஆடிட்டர் காட்டும் கணக்கில் லாபமும் இருக்கிறது. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன்பு இருந்த அதே 200 தொழிலாளர்கள், அதே இரண்டு ஷெட். முதலாளி மட்டும் இன்னும் அதிக நேரம் வேலை பார்க்கிறார். அவர் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் செக்கில் கையெழுத்துப் போட ஆள் இல்லை, லாரி கிளம்பாது.

கோவை, திருப்பூர் பக்கம் தொழில் செய்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியின் பிரச்னை எல்லோர் கண்ணிலும் படும். லாபத்தில் ஓடிக்கொண்டே வளராமல் நிற்கும் கம்பெனியின் பிரச்னை முதலாளியின் கண்ணிலேயே படாது.

அது என்ன பிரச்னை? நல்ல நிர்வாகமும் தொழில்நுட்பமும் அதை மாற்ற முடியுமா? இந்தியாவிலேயே நடந்த ஒரு முக்கியமான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது.

நடுத்தர நிறுவனம் என்றால் எது?

மத்திய அரசின் வரையறை 2025 ஏப்ரல் 1 முதல் மாறியிருக்கிறது. ஆலை, இயந்திரங்களில் முதலீடு 125 கோடி ரூபாய் வரை, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய் வரை இருந்தால் அது நடுத்தர நிறுவனம். அதற்குக் கீழே சிறு நிறுவனத்துக்கான வரம்பு 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல். இரண்டில் ஒன்றைத் தாண்டினாலே நிறுவனம் அடுத்த படிக்குப் போய்விடும்.

இந்த நடுப்படியில் நிற்பவர்கள் மிகக் குறைவு. 2025 மே மாதம் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையின்படி, பதிவு செய்யப்பட்ட குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் 97 சதவீதம் குறு நிறுவனங்கள். நடுத்தர நிறுவனங்கள் வெறும் 0.3 சதவீதம்தான். ஆனால் இந்தத் துறையின் ஏற்றுமதியில் 40 சதவீதத்தை அந்த 0.3 சதவீதம்தான் தருகிறது.

ஒரு சிறு கம்பெனி நடுத்தர கம்பெனியாகவும், நடுத்தர கம்பெனி பெரிய கம்பெனியாகவும் வளர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள வேலைகள் கூடும். வளர்ச்சி நின்றுபோனால் அந்த வேலைகளும் வராமலே போய்விடும். முதலாளியின் கவலை என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது.

மும்பை அருகே நடந்த ஆய்வு

பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் புளூம் தலைமையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், உலக வங்கி ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். இடம், மகாராஷ்டிராவின் தாராப்பூரும் குஜராத்தின் உமர்காமும். இரண்டுமே மும்பைக்குப் பக்கத்தில் உள்ள தொழில் பகுதிகள். துணி நெய்யும் குடும்ப நிறுவனங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சராசரியாக ஒரு நிறுவனத்தில் சுமார் 270 பேர் வேலை பார்த்தார்கள். ஆண்டு விற்பனை சுமார் 75 லட்சம் டாலர்.

சர்வதேச ஆலோசனை நிறுவனம் ஒன்றின் நிபுணர்கள் ஆலைக்கே வந்து, கட்டணம் எதுவும் வாங்காமல் நிர்வாகத்தைச் சரிசெய்து கொடுப்பார்கள். இதுதான் சலுகை. இப்படி 66 நிறுவனங்களை அணுகியதில், நேரம் ஒதுக்கித் தருகிறோம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டவை 17 மட்டுமே. இலவசம் என்றாலும் மற்றவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஆலைகள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டன. 6 ஆலைகளுக்கு ஒரு மாதம் ஆய்வு செய்து, குறைகளைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். 14 ஆலைகளுக்கு அதே ஒரு மாத ஆய்வோடு, மேலும் நான்கு மாதம் கூடவே இருந்து மாற்றங்களைச் செய்து கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அதனால் பிறகு வந்த வித்தியாசத்துக்குக் காரணம் நிர்வாக மாற்றம்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

உள்ளே போனபோது பார்த்தது என்ன?

நூல் மூட்டைகள் பெயர்ச்சீட்டு இல்லாமல் குவிந்து கிடந்தன. எந்த நிறம், எந்த ரகம், எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கிடங்கில் இருப்பது தெரியாமலே மறுபடி நூல் வாங்கினார்கள். கருவிகள் தரையில் சிதறிக் கிடந்தன. மெஷின் பழுதாகி நின்ற பிறகுதான் மெக்கானிக்கைத் தேடினார்கள். நெய்த துணியில் குறை வந்தால், அதைக் கையால் சரிசெய்ய ஒரு தனிப் படையே இருந்தது. அந்தக் குறை எந்தத் தறியில், எந்த ஷிப்டில், எதனால் வருகிறது என்று எழுதி வைக்கும் பழக்கம் இல்லை.

நிபுணர்கள் 38 நடைமுறைகளைப் பட்டியலிட்டார்கள். மெஷினை முறைப்படி பராமரிப்பது, பழுதைப் பதிவு செய்வது, குறைகளை வகை பிரித்து தினமும் கூடிப் பேசுவது, நூல் இருப்பைக் கணக்கில் வைப்பது, நன்றாக வேலை செய்பவருக்கு ஊக்கத்தொகை கொடுப்பது. எல்லாமே இப்படிச் சாதாரண விஷயங்கள்தான். ஆனால் தொடக்கத்தில் இந்த ஆலைகளில் இருந்தவை இவற்றில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. முழு உதவி கிடைத்த ஆலைகளில் அது 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது.

விளைவு? முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. துணியில் குறைகள் வெகுவாகக் குறைந்தன. கையிருப்பில் முடங்கிய நூலும் குறைந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இந்த நிறுவனங்கள் புதிய ஆலைகளையும் திறக்க ஆரம்பித்தன.

இவ்வளவு எளிது என்றால், முன்பே ஏன் செய்யவில்லை?

இதற்குக் கிடைத்த பதில்கள்தான் கவனிக்க வேண்டியவை.

முதல் காரணம், தெரியவில்லை. சில நடைமுறைகளை முதலாளிகள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவற்றையும் 'நமக்கு இது தேவையில்லை' என்று தள்ளிவைத்திருந்தார்கள். பக்கத்து ஆலையிலும் இதே அளவு குறைதானே வருகிறது, நமக்கும் லாபம் வருகிறதே என்பது அவர்களின் வாதம். லாபம் ஒரு திரைபோல இழப்பை மறைத்துவிட்டது.

அந்த இழப்பு எவ்வளவு இருக்கும்? ஒரு உதாரணக் கணக்கு. ஆண்டு விற்பனை 60 கோடி, நிகர லாபம் 3 கோடி உள்ள ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். தேவைக்கு மேல் 5 கோடி ரூபாய் மூலப்பொருள் கிடங்கில் கிடக்கிறது. வங்கி வட்டி 10 சதவீதம் என்றால், அந்தச் சரக்கு சும்மா கிடப்பதற்கே ஆண்டுக்கு 50 லட்சம் போகிறது. லாபத்தில் ஆறில் ஒரு பங்கு. கணக்குப் புத்தகத்தில் இது 'வட்டிச் செலவு' என்று ஒரே வரியில் இருக்கும். கிடங்கில் கிடக்கும் மூட்டைதான் காரணம் என்று அந்த வரி சொல்லாது.

இரண்டாவது காரணம், நம்பிக்கை. இந்த நிறுவனங்களில் முக்கிய முடிவுகளை எல்லாம் குடும்பத்தினர்தான் எடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த மேனேஜருக்குச் சிறிய தொகைக்கு மேல் செலவு செய்யும் அதிகாரம் இல்லை. 'திருடிவிடுவார்கள், வழக்குப் போட்டாலும் தீர்ப்பு எப்போது வருமோ' என்ற பயம். அதனால் ஒரு நிறுவனம் எவ்வளவு பெரியது என்பது, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைந்திருந்தது. இரண்டு மகன்கள் இருந்தால் இரண்டு ஆலை. மூன்றாவது ஆலைக்கு மார்க்கெட் இருந்தாலும், உட்கார வைக்க மூன்றாவது மகன் இல்லை. மகள்கள் கணக்கிலேயே வரவில்லை!

தொழில்நுட்பம் எந்த இடத்தில் வருகிறது?

'நல்ல சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பலர் நினைக்கிறார்கள். மும்பை ஆய்வில் நடந்தது வேறு வரிசை. முதலில் தினசரி விவரங்களை எழுதத் தொடங்கினார்கள். எழுதிய விவரங்கள் குவிந்ததும் அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கணினி தேவைப்பட்டது. ஆலைகளில் கணினிப் பயன்பாடு தானாகவே அதிகரித்தது.

கொள்முதல், கையிருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருளைத்தான் ஈ.ஆர்.பி. என்கிறார்கள். விற்பனைப் பிரிவு ஆர்டர் எடுத்தவுடன், மூலப்பொருள் இருக்கிறதா, எந்த மெஷின் காலியாக இருக்கிறது, எப்போது அனுப்ப முடியும் என்பதை இது காட்டும். ஆனால் கிடங்கில் வந்த சரக்கையும் போன சரக்கையும் அன்றன்றே பதிவு செய்தால்தான் இது வேலை செய்யும். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் ஈ.ஆர்.பி. வாங்கினால், நோட்டில் இருந்த தவறு திரைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கடைசியில் எல்லோரும் பழையபடி போனிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டுத்தான் வேலை நடக்கும்.

சின்னத் தொழில்நுட்பமே பெரிய உண்மையைக் காட்டும். மெஷின் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று பதிவு செய்யும் ஒரு சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேர ஷிப்டில் 480 நிமிடங்கள். அதில் நூல் அறுந்தது, ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லை, ஆள் மாறினார் என்று 96 நிமிடங்கள் மெஷின் நின்றால், அது 20 சதவீதம். பத்து மெஷின் உள்ள ஆலையில் இரண்டு மெஷின் நாள் முழுக்கச் சும்மா நிற்பதற்குச் சமம். இது தெரியாத முதலாளி, ஆர்டர் கூடினால் கடன் வாங்கிப் பதினொன்றாவது மெஷினை வாங்குவார். தெரிந்தவர், முதலில் அந்த 96 நிமிடங்களைக் குறைக்கப் பார்ப்பார்.

ஒருமுறை மாற்றினால் போதுமா?

போதாது. ஆய்வாளர்கள் 2017-ல் அதே நிறுவனங்களுக்கு மறுபடி போனார்கள். முழு உதவி கிடைத்த ஆலைகள் கொண்டுவந்த நடைமுறைகளில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆலை மேனேஜர் வேலையை விட்டுப் போனது ஒரு காரணம். முதலாளிகளுக்கு நேரமில்லாமல் போனது இன்னொரு காரணம். ஆனாலும் இந்த ஆலைகள் மற்றவற்றைவிட முன்னால்தான் இருந்தன. நல்ல பழக்கங்கள் அதே நிறுவனத்தின் மற்ற ஆலைகளுக்கும் பரவியிருந்தன.

மேனேஜர் போனதும் பழக்கமும் போகிறது என்றால், அது ஒரு ஆளின் தலைக்குள் மட்டும் இருந்திருக்கிறது என்று அர்த்தம். எழுதி வைத்த முறை, தினசரிக் கூட்டம், யார் எந்தத் தொகை வரை முடிவெடுக்கலாம் என்ற தெளிவு. இவை இருந்தால்தான் ஆள் மாறினாலும் முறை நிற்கும்.

வளர்ந்தால் சலுகை போய்விடுமே?

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கட்ட வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனமாக வளர்ந்தவர் தன் பாக்கியைத் தானேதான் துரத்த வேண்டும். அரசு நிறுவனங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற ஒதுக்கீடும் அப்படித்தான்.

படி ஏறியதும் ஒரேயடியாக இழக்காமல் இருக்க, வரி அல்லாத சலுகைகள் மூன்று ஆண்டுகளுக்குத் தொடரும் என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. அதற்குள் யார் எப்போது பணம் தருவார்கள் என்ற கணக்கை வாராவாரம் பார்க்கும் பழக்கம் வராவிட்டால், விற்பனை கூடும்போதே கையில் பணம் வற்றிப்போகும் ஆபத்து இருக்கிறது.

எங்கே தொடங்கலாம்?

- ஒரு மாதத்துக்கு மூன்றே விஷயங்களை தினமும் எழுதுங்கள்: மெஷின் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை பொருள் குறையோடு வந்தது, கிடங்கில் என்ன இருக்கிறது.

- காலையில் 15 நிமிடம் அந்தத் தாளை வைத்து மேனேஜர், சூப்பர்வைசரோடு பேசுங்கள். யார் தவறு என்பதைவிட ஏன் நடந்தது என்று கேட்டால்தான் அடுத்த நாளும் உண்மையை எழுதுவார்கள்.

- இந்தப் பதிவு பழகிய பிறகு மென்பொருளைத் தேடுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

- மேனேஜருக்கு ஒரு தொகை வரை முடிவெடுக்கும் அதிகாரம் கொடுங்கள். பதிவு சரியாக இருந்தால், ஒவ்வொரு பில்லிலும் கையெழுத்துப் போடாமலே கண்காணிக்க முடியும்.

- செலவு பயமா? விரயத்தைக் குறைக்கும் 'லீன்' முறைக்கு மத்திய அரசு 2023-ல் தொடங்கிய திட்டத்தில், உத்யம் பதிவு உள்ள நிறுவனங்களுக்கு ஆலோசனைச் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. கொலம்பியாவில் வாகன உதிரிபாக நிறுவனங்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சில நிறுவனங்கள் குழுவாகச் சேர்ந்து ஆலோசனை பெற்றபோது, தனித்தனியாகப் பெறுவதில் மூன்றில் ஒரு பங்கு செலவிலேயே நல்ல பலன் கிடைத்தது. ஒரே தொழிற்பேட்டையில் இருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

கம்பெனி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. முதலாளி பத்து நாள் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது லாரிகள் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், அந்தக் கம்பெனி மூன்றாவது ஆலையைப் பற்றி யோசிக்கலாம்.