ஷார்லட் என்றொரு ராணி – 14: அம்மாவின் வைரம்

இந்த வாரம் 1788-க்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிய ஆண்டு அது. அதற்கு முன்னால் ராணியின் உயிலில் ஒரு விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். அதில் ஆற்காடு என்ற பெயர் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு நான்கு நாளாக மனம் வேறு எதிலும் போகவில்லை. 1788 ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் என்ற சின்னஞ்சிறு ஜெர்மன் சமஸ்தானத்திலிருந்து 17 வயதில் கப்பலேறி வந்த பெண், ஹார்விச் துறைமுகத்தில் இறங்கிய மறுநாளே கல்யாணம், 15 பிள்ளைகள். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

1818 நவம்பர் 16. கியூ மாளிகை. ஷார்லட்டுக்கு 74 வயது. உடம்பு முடியாமல் மாதக்கணக்காக அங்கேயே தங்கிவிட்டார். கணவர் வின்ட்ஸர் கோட்டையில் பார்வை போய், காது மந்தமாகி, மனைவி யார் என்பதே தெரியாத நிலையில் இருக்கிறார். அன்றைய தேதியிட்ட உயிலில் ராணி தன் நகைகளை வகை பிரிக்கிறார். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போக வேண்டும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதைப் போலவே சொல்கிறார்.

கல்யாணத்துக்காக மன்னர் 50,000 பவுண்டுக்கு வாங்கிப் போட்ட நகைகள் ஒரு வகை. மன்னர் குணமடைந்தால் அவருக்கு, இல்லையென்றால் ஹானோவர் அரச வம்சத்துக்கு. இன்னொரு வகை, ஆற்காட்டு நவாப் கொடுத்தவை. இவற்றை விற்று, கிடைக்கும் பணத்தை அகஸ்டா, எலிசபெத், மேரி, சோபியா என்ற நான்கு மகள்களுக்கும் பங்கிட வேண்டும். மீதி நகைகளும் அந்த நால்வருக்கே. ஃபிராக்மோர் வீடு அகஸ்டாவுக்கு, வின்ட்ஸரில் இருந்த லோயர் லாட்ஜ் சோபியாவுக்கு. வுர்ட்டம்பர்க் நாட்டு ராணியாகிவிட்ட மூத்த மகளை இந்தப் பங்கில் சேர்க்கவில்லை.

வைரத்தை அப்படியே மகள்களிடம் கொடுத்துவிடச் சொல்லவில்லை, விற்றுப் பணமாகக் கொடுக்கச் சொல்கிறார். இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வார அத்தியாயமே. நகையைப் பற்றி ஷார்லட் என்ன நினைத்தார் என்பதற்கு நம்மிடம் நல்ல சாட்சி இருக்கிறது. ஃபேனி பர்னி என்ற நாவலாசிரியை 1786 முதல் 1791 வரை ராணியின் உடைகளைக் கவனிக்கும் பணியில் இருந்தார். ஒருநாள் ராணி அவரிடம் மனம்விட்டுப் பேசியதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். புதிதாக ராணியானபோது இந்த நகைகளெல்லாம் எவ்வளவு பிடித்திருந்தன, ஆனால் அந்த ஆசை ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்தான் இருந்தது என்கிறார் ஷார்லட். மாட்டுவதற்கே அலுப்பு, பாதுகாப்பது பெரிய வேலை, தொலைந்துவிடுமோ என்ற பயம் வேறு. பதினைந்து நாளில் தன் பழைய எளிய உடைக்கே மனம் ஏங்கியதாம்.

கல்யாண இரவை நினைத்துப் பாருங்கள். 1761 செப்டம்பர் 8, செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைத் தேவாலயம். மார்பை மூடி வைரக் கவசம். அதற்கு மேல் ஊதா வெல்வெட்டில் போர்வை. அதன் பாரம் தோளிலிருந்து வழுக்கி உடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டே இருந்தது என்று ஹோரஸ் வால்போல் எழுதியிருக்கிறார். அம்மா இறந்து பத்து வாரமே ஆகியிருந்த பெண். ஊரும் பேச்சும் புதிது. அந்த இரவிலேயே நகை அவருக்குப் பாரமாகத்தான் தோளில் ஏறியது. தன் பெண்களுக்கு அந்தப் பாரம் வேண்டாம், கையில் காசு இருக்கட்டும் என்று அவர் நினைத்ததாகவே நான் அந்த வரியைப் படிக்கிறேன்.

இனி நவாபுக்கு வருவோம். சென்னை சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக்கொண்ட முகமது அலி வாலாஜா. வாலாஜா சாலை இவர் பெயரில்தான் இருக்கிறது. இவர் வைரங்களை ஷார்லட்டுக்கு அளித்தது 1777-ல். அந்த ஆண்டைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1773-ல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்திருந்தார். 1776-ல் சென்னை கவர்னர் பிகாட் தஞ்சையை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். தஞ்சை வருவாய் தனக்கு அடமானம் என்று பால் பென்ஃபீல்ட் என்ற வட்டிக்காரர் உரிமை கோரினார். அவர் பக்கம் சாய்ந்த கவுன்சில் உறுப்பினர்கள் கவர்னரையே கைது செய்து காவலில் வைத்தார்கள். 1777 மே மாதம் பிகாட் காவலிலேயே இறந்துபோனார்.

நவாப் கழுத்தளவு கடனில் இருந்த மனிதர். சீமை சீமையாக வரி வருவாயைச் சென்னை வெள்ளைக்காரர்களிடம் எழுதிக் கொடுத்திருந்தார். இந்தக் கடன் விவகாரத்தைத்தான் 1785-ல் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் கிழித்துப் போட்டார். கம்பெனியைத் தாண்டி இங்கிலாந்து அரச குடும்பத்தோடு நேரடியாக உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நவாபின் நெடுநாள் விருப்பம். ராணிக்குப் போன வைரம் அந்த உறவுக்காகப் போனது. அவற்றில் பெரியவை இரண்டு, துளி வடிவக் கற்கள், ஒன்று 33.70 காரட், மற்றது 23.65. நவாபுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. அவர் இறந்து ஆறு ஆண்டில், 1801-ல், நவாபின் ஆளுகையில் இருந்த கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது.

அதே 1777 நவம்பர் 3-ம் தேதி ஷார்லட்டுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. 12-வது பிள்ளை, சோபியா. உயிலில் நான்காவதாக வரும் அதே சோபியாதான்.

உயிலை ராணியே எழுத முடிந்ததிலும் ஒரு சேதி இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, கல்யாணமான பெண்ணின் நகை, காசு எல்லாமே கணவனுடையவை. அவன் சம்மதமில்லாமல் அவள் உயில் எழுத முடியாது. இதற்கு விதிவிலக்கு ஒரே ஒரு மனைவி, நாட்டின் ராணி. அரசனின் மனைவி தன் பெயரில் சொத்து வாங்கலாம், விற்கலாம், வழக்காடலாம், தானே உயில் எழுதலாம் என்று ஷார்லட் வந்த நாலைந்து ஆண்டுகளில் பிளாக்ஸ்டன் தன் சட்ட நூலில் எழுதி வைத்தார். ஆக, தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளவும் அதை விரும்பியவருக்கு விட்டுச்செல்லவும் முழு உரிமையுள்ள மனைவி அவர்.

மறுநாள், நவம்பர் 17, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஷார்லட்டின் உயிர் பிரிந்தது. அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மூத்த மகன் ஜார்ஜ். அப்பாவுக்குப் பதிலாக ஆட்சி நடத்திவந்தவர், 1820-ல் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர்.

அம்மாவின் வைரங்களைத் தன் சொத்தாகக் கருதியவரும் அவர்தான். விற்றுத் தங்கைகளுக்குக் கொடு என்று அம்மா சொன்னபடி நடக்கவில்லை.

இதைப் படிக்கும்போது ஜார்ஜின் கடைசித் தங்கை அமேலியாவின் நினைவு வருகிறது. மன்னரின் உதவியாளர்களில் ஒருவரான சார்லஸ் ஃபிட்ஸ்ராயை அமேலியா உயிராக நேசித்தார். 1772-ல் அப்பா கொண்டுவந்த அரச குடும்பத் திருமணச் சட்டம் குறுக்கே நின்றது, கல்யாணம் நடக்கவில்லை. 1810 நவம்பரில், 27 வயதில் நோயில் இறந்தபோது, அமேலியா தன்னுடையதில் பெரும்பகுதியை ஃபிட்ஸ்ராய் பெயருக்கே எழுதி வைத்திருந்தார். உயிலை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு அண்ணன்கள் இருவருக்கு. அதில் ஒருவர் ஜார்ஜ். ஊர் பேசும் என்று சொல்லி, ஃபிட்ஸ்ராயையே அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வைத்தார்கள். எட்டு ஆண்டு இடைவெளியில் தங்கை, அம்மா இருவரின் கடைசி விருப்பமும் ஒரே மனிதரின் கையில் தோற்றது. தங்கைகள் மேல் அவருக்குப் பாசம் இல்லாமலில்லை. 1812-ல் நால்வருக்கும் ஆண்டுக்கு 9,000 பவுண்டு பாராளுமன்றத்தில் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஆனாலும் இந்த வைர விஷயத்தில் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால், அந்தப் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கை அப்படி. வயது வந்த மகள்களை வீட்டோடு வைத்துக்கொண்டவர் ஷார்லட்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. மன்னரின் நோய்க்குப் பிறகு அவர் பயந்தவராக, கடுமை காட்டுபவராக மாறினார். 1812-ல் தங்களுக்குக் கொஞ்சம் நடமாட்டம் வேண்டும் என்று மகள்கள் அம்மாவுக்கே கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. அகஸ்டா ஓர் இராணுவ அதிகாரியை மணக்க அனுமதி கேட்டு அண்ணனுக்கு எழுதினார், கல்யாணம் நடக்கவில்லை. மேரிக்கு 40 வயதில் கல்யாணம். எலிசபெத்துக்கு 47 வயதில், அம்மா இறந்த அதே 1818-ல். சோபியாவுக்கு ஆகவே இல்லை. பல ஆண்டுகள் பிடித்து வைத்திருந்த மகள்களுக்கு, சாகும் தறுவாயில் பணமாகக் கொடுங்கள் என்று ஓர் அம்மா சொல்கிறார். அந்த நாலு வார்த்தையில் குற்ற உணர்வும் கொஞ்சம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கற்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் 1830-ல் இறந்தார். 1837-ல் அரச குடும்பத்தின் நகைக்கடையான ரண்டல் அண்ட் பிரிட்ஜ் வசமிருந்த ஆற்காட்டு வைரங்கள் ஏலத்துக்கு வந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு மனைவிக்காக எடுத்தார். அன்று நான்கு சகோதரிகளும் உயிரோடு இருந்தார்கள். 1930-ல் பாரிஸின் லக்ளோஷ் நகைக்கடை இரண்டையும் ஒரு தலையணியில் பதித்தது. 1959-ல் வாரிசுவரி கட்ட அந்தத் தலையணி விற்கப்பட்டது. நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுண்டுக்கு வாங்கி, கற்களைக் கழற்றி மறுபடி பட்டை தீட்டினார். பெரியது 31.01 காரட்டாகக் குறைந்தது. சின்னது இன்று 17.21 காரட், 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 34 லட்சம் டாலரை ஒட்டிய விலைக்குப் போனது.

50,000 பவுண்டு கல்யாண நகைகளுக்காக ஹானோவர் வம்சமும் பேத்தி விக்டோரியாவோடு பல ஆண்டுகள் வழக்காடியது. 1857-ல் அவர்கள் பக்கம் தீர்ப்பாகி, மறு ஆண்டு நகைகள் ஜெர்மனிக்குப் போயின. உயிலில் அந்த வரிக்காக வாதாட ஒரு நாடே இருந்தது. மகள்களுக்கான வரிக்கு ஆளில்லை.

வைரம் வந்த ஆண்டில் பிறந்த சோபியா, கடைசிப் பத்து ஆண்டுகள் பார்வையில்லாமல் லண்டன் கென்சிங்டனில் வாழ்ந்து 1848 மே 27-ல் இறந்தார்.

அடுத்த வாரம் உறுதியாக 1788, வின்ட்ஸர்.

(தொடரும்)