கடலடியில் பல்வலி

பல்வலி நள்ளிரவில் வரும். மருத்துவர் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையில் வரும். இது நாம் எல்லோரும் பட்டறிந்ததே. ஆனால் கடலுக்கடியில் தோன்றி, கரையேறியதும் மறைந்துவிடும் பல்வலியும் உண்டு என்பது நேயர்களில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

குஸ்தோ, காஞான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் 1943-ல் உருவாக்கிய மூச்சுக் கருவி, முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்து நீருள் உலவும் வழியைத் திறந்தது. இன்று அந்தமானிலும் லட்சத்தீவுகளிலும் பவளப்பாறைகளைக் காண அவ்வாறு இறங்குவோர் பலர். அவர்களுள் சிலரையே இவ்வலி பற்றுகிறது. இதனை நாம் 'அழுத்தப் பல்வலி' என்று வழங்குவோம். சொல் சற்றுக் கரடுமுரடுதான். எனினும் பொருள் விளங்கும்.

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடல்நீரில் 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டாகும். 30 மீட்டரில் நான்காகும். அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகச் சுருங்கும் என்பது ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதி. விமானி ஒருவர் தம்மீதுள்ள அழுத்தம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரம் செல்லவேண்டும். நீரில் மூழ்குபவருக்கோ ஒரு பனைமரத்தின் உயரமே போதும், அழுத்தம் இரட்டிக்க! இரண்டாம் உலகப்போரின்போது விமானிகளிடம் கண்டறியப்பட்ட இவ்வலி, பின்னர் மூழ்குபவரிடமும் காணப்பட்டதில் வியப்பில்லை.

குறையற்ற பல்லில் காற்று இல்லை. ஆகவே அழுத்தம் அதனை ஒன்றும் செய்யாது. சொத்தை விழுந்த பல்லிலும், சரியாகப் பொருந்தாத அடைப்பின் கீழும் சிறிது காற்று தங்கிவிடுகிறது. கீழே இறங்குகையில் அது சுருங்க, அவ்விடத்தில் ஏற்படும் வெறுமை பல்லின் உயிர்ப்பகுதியை இழுக்கிறது. மேலே வருகையில் நேர்வது இதனினும் கொடிது. ஆழத்தில் இருந்தபோது நுண்ணிய இடுக்கு வழியே மெல்ல உட்புகுந்த காற்று, புகுந்த வழியே விரைவில் வெளியேற இயலாமல் விரிந்து, உள்ளிருந்து நெருக்குகிறது. அடைப்போ மேலுறையோ கழன்றுவிடுவதுண்டு; அரிதாகப் பல்லே பிளப்பதும் உண்டு.

இறங்கும்போது வலித்தால் சற்று மேலே வந்தால் தணியும். ஏறும்போது வலித்தால் நிலைமை வேறு. கலத்தில் உள்ள காற்று அளவுடையது. கீழேயே தங்கியிருக்க முடியாது. வலி தாளாமல் மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலெழுபவரின் நுரையீரலில் காற்று விரிந்து, உயிருக்கே ஆபத்து விளையும். பல்லில் தொடங்கியது அங்கே போய் முடியலாம். சீராக மூச்சுவிட்டுக்கொண்டு, இயன்றவரை மெதுவாக ஏறுவதே செய்யத்தக்கது.

வலிக்கும் இடமெல்லாம் பல்லின் குற்றமும் அன்று. மேல்தாடை எலும்பினுள் ஒரு காற்றறை இருக்கிறது; மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் அதற்கு மிக அருகில் உள்ளன. சளியினால் அவ்வறையின் வாயில் அடைபட்டால், வலி அறையில் பிறந்து பல்லில் உணரப்படும். மேல்வரிசையில் பல பற்கள் ஒருங்கே வலிப்பது இதற்கு ஓர் அறிகுறி. சளி பிடித்திருக்கையில் மூழ்கலாகாது என்று பயிற்சியாளர்கள் கண்டிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல் பிடுங்கியவர்கள் புண் ஆறும்வரை காத்திருக்கவேண்டும். பல் மருத்துவரிடம் செல்கையில், தாம் கடலில் மூழ்குபவர் என்பதையும் சொல்லிவைப்பது நலம். அடைப்பில் இடுக்கு உள்ளதா என்று அவர் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார்.